நூதனசாலையும் துறைமுகத்து மக்களும்

'நூதனம்' என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். ஆயினும், பழைய பொருள்களைத் தொகுத்துப் பேணும் இடத்துக்கே ஈழத்துத் தமிழர் நூதனசாலை என்று பெயரிட்டு வழங்கி வந்துள்ளனர். மேலோட்டமாக நோக்குமிடத்து இது முரண்பாடாகத் தோன்றும். சற்றே சிந்தித்தால், ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய பொருளும் அதனை முதன்முறை காணும் கண்களுக்குப் புதியதே என்பது புலனாகும். சென்னைப் பட்டணத்துச் சாதாரண மக்களோ வேறொரு பெயரிட்டனர். 1851ஆம் ஆண்டில் தோன்றிய அந்நகரத்து அரும்பொருட்காட்சிச்சாலையை அவர்கள் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தனர். நகைப்புக்குரிய பெயர்களாகத் தோன்றினும், இவற்றினுள்ளே ஓர் உண்மை பொதிந்துள்ளது. கல்லூரி வாயிலை மிதிக்கும் வாய்ப்பை என்றுமே பெற்றிராத மக்கள், தம்மை உள்ளே விட்ட ஓரிடத்தைத் தமது கல்லூரி என்று இனங்கண்டு கொண்டனர்.

அப்படியாயின், அக்கல்லூரியிலே யாருடைய வாழ்வு பாடமாக வைக்கப்பட்டுள்ளது? யாருடைய வாழ்வு விடுபட்டுப் போயிற்று? திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எம்போன்றோர்க்கு இது வெறும் ஆராய்ச்சிக் கேள்வியன்று. உலக வரலாற்று நூல்கள் பலவற்றில் எமது துறைமுகத்தின் பெயர் உண்டு. அத்துறைமுகத்தில் உழைத்தவரின் பெயர் ஒன்றைத் தேடிப் பிடிப்பதோ அரிதினும் அரிது.

நூதனசாலை என்னும் நிறுவனம் எவ்வாறு தோன்றியது என்பதை முதற்கண் நோக்குதல் தகும். அரசரும் பிரபுக்களும் திரட்டிய அரும்பொருள்கள் நெடுங்காலம் அரண்மனை அறைகளுள்ளே பூட்டப்பட்டுக் கிடந்தன. பிரெஞ்சுப் புரட்சி அப்பூட்டை உடைத்தது. 1793ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆந் திகதி, முடியாட்சி வீழ்ந்த முதலாண்டு நிறைவு நாளிலே, பாரிஸ் நகரத்து லூவர் மாளிகை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மன்னனின் சொத்து மக்களின் சொத்தாயிற்று. ஆனால், அதே ஐரோப்பிய அரசுகள் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நூதனசாலைகளை எழுப்பியபோது நிகழ்ந்தது வேறு. ஆளவந்தவன் தான் ஆளும் நாட்டின் கல்லையும் செம்பையும் பறவையையும் பாம்பையும் எண்ணிப் பட்டியலிட்டான். அறிவு வேட்கை அதில் இருந்தது. ஆதிக்க வேட்கையும் அதில் இருந்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாது குடியேற்ற நாட்டு நூதனசாலை எதனையும் நாம் விளங்கிக்கொள்ள முடியாது.

கொழும்பு நூதனசாலை இதற்குத் தக்க சான்று. 1845இல் நிறுவப்பட்ட ராஜரீக ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை இத்தகைய நிலையம் ஒன்றை வேண்டி நின்றது. 1872 முதல் 1877 வரை தேசாதிபதியாக விளங்கிய சேர் வில்லியம் கிரகரி அதனை நிறைவேற்றினார். 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி அது திறந்து வைக்கப்பட்டது. அதே நாளிலேதான், தில்லியில் கூட்டப்பெற்ற தர்பாரிலே, விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினி எனப் பறைசாற்றப்பட்டார். அதே வேளையிலேதான் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் தென்னிந்தியாவைச் சூறையாடிக்கொண்டிருந்தது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். உயிர் தப்பியோரிற் பலர் கடல் கடந்து, காட்டுவழி நடந்து, இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். அந்நாளில் இத்தீவின் அரசாங்க வருவாய்க்கு ஆதாரமாய் நின்றது கோப்பியே. ஆகவே, அழகிய அவ்வெண்மாளிகையின் அத்திவாரத்திலே தோட்டத் தொழிலாளரின் வியர்வையும் கலந்துள்ளது என்றால் அது மிகையாகாது.

கிரகரியைப் பற்றியும் ஒரு செய்தி. அயர்லாந்தைப் பெரும் பஞ்சம் வாட்டிய 1847ஆம் ஆண்டில், பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த இவர் ஒரு விதியைக் கொண்டுவந்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் குடியானவனுக்குப் பஞ்ச நிவாரணம் இல்லை என்பதே அவ்விதி. கஞ்சி வேண்டின் காணியைக் கைவிட வேண்டும்! அயர்லாந்து மக்கள் அவ்விதியை இவர் பெயராலேயே இன்றும் நினைவுகூர்கின்றனர். இலங்கையிலோ அவர் குளங்களைத் திருத்தியவர், 1873இல் வடமத்திய மாகாணத்தைத் தோற்றுவித்தவர், நூதனசாலை கண்டவர். அவரது சிலை அதன் முன்றலில் நிற்கிறது. ஒரே மனிதரின் இவ்விரு முகங்களையும் ஒருங்கே காண்பதுதான் வரலாற்றுக் கல்வி. போற்றிப் பாடுவதும் தூற்றி விடுவதும் எளிய வேலைகள்.

கட்டடத்தின் வரைபடத்தை ஆக்கியவர் ஜேம்ஸ் ஸ்மிதர். கட்டி முடித்தவர் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார் என்னும் முஸ்லிம் ஒப்பந்தகாரர். திறப்பு விழாவன்று, உமக்கு என்ன வெகுமதி வேண்டும் என்று தேசாதிபதி வினவினாராம். முஸ்லிம்களின் தொழுகை நாளாகிய வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடப்படுதல் வேண்டும் என்பதே மரைக்காரின் விடை. அதன்படி நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் அது மூடப்பட்டிருந்தது என்பது வழங்கிவரும் செய்தி. பட்டமும் பணமும் கேட்கக்கூடிய வேளையில் தம் சமூகத்துக்குரிய ஒரு நாளைக் கேட்டார் அவர். கட்டியவன் கையொப்பம் கட்டடத்தின் கதவிலே விழுந்த அபூர்வ நிகழ்ச்சி இது.

இத்தகைய செய்திகளை வகுப்பறையில் எடுத்துரைத்து வந்த நாம், பாடசாலை விடுமுறை ஒன்றின்போது குடும்பத்துடன் கொழும்புக்குச் சென்றோம். நிருவாகத் தலைநகர் என்ற நிலை 1982 முதல் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டைக்கு உரியதாயினும், எம்மவர் நாவில் தலைநகர் என்றால் இன்றும் கொழும்புதான். எம் தாயாரும், துணைவியாரும், பிள்ளைகள் இருவரும் உடன் வந்தனர். இரவுப் புகைவண்டி சீனன்குடா, தம்பலகாமம், கந்தளாய் எனக் கடந்து, கல்லோயாச் சந்தியையும் மாகோச் சந்தியையும் தாண்டி, விடியுங்கால் கோட்டை நிலையத்தை அடைந்தது.

இதிலென்ன புதுமை என்று பிற மாவட்டத்து வாசகர் வினவலாம். போர் நடந்த காலத்தில் எமது பகுதித் தமிழ்க் குடும்பம் ஒன்று கொழும்புக்குச் சென்றதென்றால், அது கடவுச்சீட்டுக்காகவோ, வைத்தியத்துக்காகவோ, காணாமற்போன பிள்ளையைத் தேடியோதான். வேடிக்கை பார்க்கச் செல்லுதல் என்பது எண்ணத்திலும் எழாத காலம் அது. 2009இல் போர் ஓய்ந்த பின்னரும் வறுமை ஓயவில்லை. நாட்கூலி பெறும் ஒருவர் பிள்ளைகளுக்கு நூதனசாலையைக் காட்ட வேண்டுமாயின், போக்குவரத்துச் செலவோடு இரண்டு மூன்று நாட் கூலியையும் இழக்க வேண்டும். ஆதலின், எமது மாணவரிற் பெரும்பாலோர் கண்டியரசனின் சிம்மாசனத்தைப் பாடநூற் படத்தில் மட்டுமே கண்டுள்ளனர்.

அந்தச் சிம்மாசனத்தின் முன்னர்தான் நாம் நெடுநேரம் நின்றோம். மரத்தின்மேற் பொற்றகடு போர்த்து, சிங்க உருவங்கள் அமைத்துச் செய்யப்பட்டது அது. 1693ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் ரீ இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அதனைப் பரிசாக வழங்கினான். கண்டி மன்னர்கள் அதன்மீது அமர்ந்து ஆண்டனர். இறுதி நால்வர் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் மரபினர். 1815இல் கண்டி வீழ்ந்தது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்தான். சிம்மாசனம் கப்பலேறி வின்ட்சர் மாளிகையை அடைந்தது. 1934இல் திரும்பி வந்தது. மன்னன் திரும்பி வரவில்லை.

இவற்றையெல்லாம் நாம் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, எம் தாயார் கேட்டார்: "குடுத்தவன்ர பேர் சொல்லுறாய், வாங்கினவன்ர பேர் சொல்லுறாய். செய்தவன்ர பேர் என்ன தம்பி?"

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவரின் கேள்வி இது. பல்கலைக்கழகத்தில் நாம் பயின்ற காலத்தில் இக்கேள்வியை எமக்கு எவரும் கற்பிக்கவில்லை. கொடுத்தவனும் பெற்றவனும் பறித்தவனும் திருப்பித் தந்தவனும் வரலாற்றிற் பெயரோடு வாழ்கின்றனர். இழைத்த தச்சனும் தகடு தட்டிய பொற்கொல்லனும் பெயரற்றுப் போயினர். இது ஒரு நூதனசாலையின் குறையன்று. உலகெங்கும் எழுதப்பட்ட வரலாற்றின் குறை. வாள் பேணப்படுகிறது; கலப்பை விறகாகிறது.

ஆயினும், நூதனசாலையின் பொருள்கள் தம்மைத் தொகுத்தவரின் நோக்கத்தையும் மீறிப் பேச வல்லவை. காலியிற் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அத்தகையது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டுவந்த அக்கல், 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீன மொழியிலே புத்தருக்கும், தமிழிலே தென்துறையாகிய தேவேந்திரமுனையில் கோயில்கொண்ட தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்திலே இஸ்லாமிய மரபுக்கும் காணிக்கைகள் அதிற் கூறப்பட்டுள்ளன. பொன்னும் வெள்ளியும் பட்டும் வாசனை எண்ணெயும் மூவருக்கும் வழங்கப்பட்டன. இலங்கையின் தென்கோடியிலே, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தமிழ் ஒரு வணிக மொழியாகவும் வழிபாட்டு மொழியாகவும் திகழ்ந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆனால், தமிழ்ப் பெருமை பேசுவதோடு நின்றுவிடுவது அக்கல்லை அரைகுறையாகப் படிப்பதாகும். அதே செங் ஹோ 1411இல் இத்தீவின் ஆட்சியாளன் ஒருவனைப் போரிட்டுச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றான். காணிக்கையும் படையும் ஒரே கப்பற்கூட்டத்திலேயே வந்தன. பெரும் வல்லரசுகள் சிறிய துறைமுகங்களை நாடி வரும்போது ஒரு கையில் பரிசும் மறு கையில் வாளும் ஏந்தி வருவது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. துறைமுகத்து மக்களாகிய நாம் இதனை மறத்தல் ஆகாது.

இன்னொன்றையும் நினைதல் வேண்டும். இக்கல் 1911இல் காலி நகரத்து வீதியொன்றில் மதகின் மூடுகல்லாகக் கிடந்த நிலையிலேயே கண்டெடுக்கப்பட்டது. மூன்று மொழிகளில் மூன்று சமயங்களைப் போற்றிய கல்லின்மீது மாட்டுவண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. எமது ஊரிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டில், கோணேசர் கோயிலிலிருந்து சிறிது தொலைவில் கிணறு தோண்டிய தொழிலாளரின் மண்வெட்டியிலே சோழர் காலச் செப்புத் திருமேனிகள் தட்டுப்பட்டன. 1620களிலே போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதன் கற்களாற் கோட்டை கட்டியபோது மண்ணுக்குள் ஒளித்து வைக்கப்பட்டவை அவை என்பர். வரலாற்றை முதலிற் தொட்டது அறிஞரின் பேனா அன்று, உழைப்பாளியின் மண்வெட்டியே.

அத்திருமேனிகள் மீண்டும் கோயிலிற் குடிகொண்டன. 1907, 1908ஆம் ஆண்டுகளில் பொலன்னறுவைச் சிவாலயங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நடராசரும் நாயன்மாரும் கொழும்பு நூதனசாலையை அடைந்தனர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவற்றைப் பற்றி 1917இல் விரிவாக எழுதினார். கோயிலில் இருப்பது உயர்வா, நூதனசாலையில் இருப்பது உயர்வா என்று வாதிடுவோர் உளர். வழிபடுவோர்க்கு உரிய பொருள் வழிபடுவோரிடம் இருப்பதே முறை. ஆயினும், இவ்வாதத்திலே மறைக்கப்படும் ஓர் உண்மையுண்டு. கோயிற் கதவுகள் நம் மக்களுள் ஒரு பெரும் பகுதியினர்க்கு நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்தன. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திலே கோயில் நுழைவுக்காக மக்கள் போராடவும் அடிபடவும் நேர்ந்தது. அக்காலத்திலும் நூதனசாலைக்குள்ளே நடராசரின் முன் நிற்பவனை நீ எச்சாதி என்று எவரும் வினவியதில்லை. அங்கே கடவுள் காட்சிப்பொருளாகக் குறைந்தது உண்மை. ஆனால், மனிதன் மனிதனாக உயர்ந்ததும் உண்மை.

சமயத்தையும் மொழியையும் பிணைத்துக் கட்டிய வேலிகளைக் கல்வெட்டுகள் தாண்டி நிற்பதை எமது மாவட்டத்திலேயே காணலாம். திருகோணமலைக்கு அண்மையில், பெரியகுளத்தை அடுத்து, வெல்கம் விகாரை என்னும் பௌத்தப் பள்ளி உண்டு. சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். சோழராட்சியிலே தமிழ் மக்கள் அப்பள்ளிக்கு விளக்கும் பசுவும் கொடையளித்ததைத் தமிழ்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. தமிழன் என்றால் சைவன், பௌத்தன் என்றால் சிங்களவன் என்று எண்ணிப் பழகியவர்க்கு அக்கற்கள் சங்கடம் தருவன. தமிழர் பௌத்தராகவும் வாழ்ந்தனர். பெருமன்னனின் பெயரையே ஒரு பௌத்தப் பள்ளிக்குச் சூட்டினர். பழஞ்சின்னங்களை எல்லைக்கற்களாக நட்டு ஊருக்குள் பகை மூட்டுவோர் எத்தரப்பினராயினும், அவர்கள் கல்வெட்டை முழுமையாகப் படிக்காதவர்களே.

மறுநாள் புறக்கோட்டையில் ஒல்லாந்தர் கால நூதனசாலைக்குச் சென்றோம். கண்டியரசனுக்குச் சிம்மாசனம் அளித்த அதே வான் ரீயின் வாசத்தலம் அது. பிற்காலத்தில் மருத்துவமனை, படையினர் தங்குமிடம், தபாலகம் எனப் பல வேடம் பூண்டு, 1982இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. தடித்த தூண்களும் நடுவே முற்றமும் கொண்ட அம்மாளிகையில் உலவுகையில், அங்கே ஏவல் செய்தோர் எங்கே வாழ்ந்தனர் என்ற எண்ணம் எழுந்தது. விடை ஓர் ஊர்ப்பெயரில் உள்ளது. ஒல்லாந்தக் கொம்பனியார் தம் அடிமைகளை அடைத்து வைத்த பகுதியை ஆங்கிலேயர் 'அடிமைத் தீவு' என்ற பொருள்பட 'ஸ்லேவ் ஐலண்ட்' என்றனர். தமிழரும் சிங்களவரும் கொம்பனித் தெரு என்ற பொருளில் அழைத்தனர். ஆங்கிலப் பெயரில் அடிமைகள் எஞ்சினர்; நம் பெயரில் அவர்களை அடைத்தவன் எஞ்சினான். இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி வரலாறு முழுமையாகாது. மக்களின் நாவும் ஒரு நூதனசாலையே.

அன்று மாலை காலிமுகத் திடலில் அமர்ந்திருந்தபோது எம் மூத்த மகள் கேட்டாள்: "அப்பா, எங்கட துறைமுகத்தைப் பற்றி என்ன வைச்சிருக்கினம்?"

எமது துறைமுகத்தைப் பற்றி உலகில் எவ்வளவோ வைக்கப்பட்டுள்ளன. 1775இல் இளம் மாலுமியாக இங்கு வந்த நெல்சனை ஆங்கில நூல்கள் மறப்பதில்லை. 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயரும், ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரரும் எமது கோட்டையைக் கைப்பற்றினர். ஒரே ஆண்டில் ஒல்லாந்தக் கொடி இறங்கி, ஆங்கிலக் கொடி ஏறி இறங்கி, பிரெஞ்சுக் கொடி ஏறியது. செப்டெம்பரில் கரைக்கு அப்பால் ஹியூஸ், சஃப்ரன் என்னும் இரு தளபதிகளின் கப்பற்படைகள் மோதின. அப்போரின் நினைவாக 'திருகோணமலை' என்ற பெயர்தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1817இல் பம்பாயிலே கட்டப்பட்டது. வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தாரின் தலைமையில், இந்தியத் தச்சர்கள் மலபார்த் தேக்கில் இழைத்த கப்பல் அது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரிலே நூதனசாலையாக மிதந்து நிற்கிறது. இன்னும் நீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் அதுவே மிகப் பழையது. எமது ஊரின் பெயரைக் காண அங்கே மக்கள் சீட்டு வாங்கிச் செல்கின்றனர்!

ஊரிலும் நினைவுகளுக்குக் குறைவில்லை. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பியாகிய கடற்படைத் தளபதி சாள்ஸ் ஒஸ்டின் 1852இல் இறந்து இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். உலகப் போரில் மாண்ட வீரர்களுக்கு நிலாவெளி வீதியில் ஒழுங்குறப் பேணப்படும் மயானம் உண்டு. ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் ஒன்றைப் புதுப்பித்துக் கடல்சார் வரலாற்று நூதனசாலை ஒன்றும் அமைக்கப்பட்டுள்ளது. இவை யாவும் வேண்டியவையே. இறந்த மாலுமியும் ஒரு தாயின் பிள்ளைதான்.

ஆனால், கப்பலுக்கு நிலக்கரி சுமந்தவன் யார்? 1920களிலிருந்து சீனன்குடாக் காட்டிலே நூறு வரையான எண்ணெய்க் குதங்கள் எழுந்தபோது மண் வெட்டியவன் யார்? 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தபோது, ஓடவும் வழியின்றி மேடையில் நின்ற கூலியாள் யார்? 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நாட்டின் மானத்துக்கு அது பெருநாள். அதே நாளிலிருந்து வேலையிழந்து வீடு திரும்பிய தள ஊழியரின் அடுப்புக்கு அது என்ன நாள்? விடுதலையின் வரலாற்றில் இவ்விரண்டாவது கேள்வியும் எழுதப்படுதல் வேண்டும்.

எம் தாயாரின் தந்தையார் அத்தளத்திலே கயிற்று வேலை செய்தவர். வடம் முறுக்கவும், அறுந்த வடத்தைப் பிணைக்கவும் வல்லவர். அவர் விட்டுச்சென்றவற்றுள் எஞ்சியிருப்பது ஒரு பித்தளை வில்லை. வாயிலில் காட்டி உட்செல்வதற்காக வழங்கப்பட்டது. அதில் அவரது பெயர் இல்லை. ஓர் இலக்கம் மட்டுமே உண்டு. இரண்டு அங்குல அகலமுள்ள அப்பித்தளைக்கும் பொற்சிம்மாசனத்துக்கும் சந்தையில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. வரலாற்றுச் சான்று என்ற வகையில் இரண்டும் சமமானவையே. அது ஆண்டவரின் கதையைச் சொல்கிறது. இது ஆளப்பட்டவரின் கதையைச் சொல்கிறது. அதனைக் காக்கக் காவலர் உளர். இதனைக் காக்கத் தாயாரின் தகரப் பெட்டி ஒன்றே உண்டு.

தகரப் பெட்டிகளோ நிலையானவை அல்ல. போரிலே எத்தனை வீடுகள் எரிந்தன. எத்தனை குடும்பங்கள் உடுத்த துணியோடு ஓடின! 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை எமது கரையோரக் கிராமங்களை வாரிச் சென்றபோது மனித உயிர்களோடு புகைப்படங்களும் உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் கடலுட் சென்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. ஒரு மக்களின் நினைவை அழிப்பது அம்மக்களை அழிப்பதன் முற்பகுதி என்பதை அந்நெருப்பு உணர்த்திற்று. இதற்கு மாறான ஒரு பாடத்தையும் நாம் கற்கலாம். இத்தீவில் அச்சாகும் நூல்களின் பிரதிகளைச் சேகரிக்கும் பொறுப்பை 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி கொழும்பு நூதனசாலை நூலகம் ஏற்றது. ஓரிடத்தில் எரிந்தாலும் பிறிதோரிடத்தில் ஒரு பிரதி இருக்கும் என்ற நம்பிக்கையே பேணலின் அடிப்படை. அச்சேறாத எளிய மக்களின் வாழ்வுக்கோ இரண்டாம் பிரதி கிடையாது.

ஆகவே செய்யத்தக்கது யாது? முதலாவதாக, நூதனசாலைக்கு நாம் செல்ல வேண்டும். அது ஆளவந்தவனால் எழுப்பப்பட்டதாயினும் இன்று பொதுச்சொத்து. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க முயலுதல் வீண். பிள்ளைகளின் கால்கள் களைக்கும், கண்கள் மங்கும். பத்துப் பொருள்களைத் தெரிந்து, ஒவ்வொன்றிடமும் நான்கு கேள்விகளைக் கேட்கக் கற்பித்தல் நலம். இதனைச் செய்தவர் யார்? செய்பொருள் எங்கிருந்து வந்தது? செலவை ஏற்றவர் யார்? இங்கே எவ்வாறு வந்து சேர்ந்தது? இந்நான்குக்கும் விடை தேடும் பிள்ளை எந்நாளும் பொய் வரலாற்றுக்கு இரையாகாது. தூர மாவட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசப் புகைவண்டிப் பயணமும் தங்குமிடமும் அளித்தல் அரசின் கடமை. அதனை நாம் வற்புறுத்திக் கேட்டல் வேண்டும்.

இரண்டாவதாக, நூதனசாலைக்குள் இன்னும் புகாத வாழ்வை நாமே பதிவு செய்ய வேண்டும். ஊர் திரும்பிய பின்னர், வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வருமாறு எமது மாணவரைக் கேட்டோம். மூதூரிலிருந்து வரும் மாணவன் வலை பின்னும் ஊசியைப் பற்றி எழுதினான். கிண்ணியாப் பிள்ளை ஒருத்தி பாட்டனாரின் மூட்டைக் கொக்கியைக் கொண்டுவந்தாள். தம்பலகாமத்தவன் நெல் அளந்த கொத்தைக் கொணர்ந்தான். பழைய கூப்பன் அட்டைகள் வந்தன. அகதி முகாமின் பதிவட்டை ஒன்றும் வந்தது. அந்த அட்டையை வாசித்த வேளையில் வகுப்பறை அமைதியாயிற்று. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒருவர் வீட்டின் துயரத்தை மற்றவர் கண்ட நேரம் அது. சிங்களப் பிள்ளைகளின் வீடுகளிலும் இத்தகைய பெட்டிகள் உண்டு என்பதில் ஐயமில்லை. அவையும் இவ்வாறு ஒரே மேசைக்கு வரும் நாளே இத்தீவின் நன்னாள்.

இதற்குப் பெருங்கட்டடம் தேவையில்லை. பாடசாலையில் ஓர் அலுமாரியும் ஒரு பதிவேடும் போதும். பொருளை வாங்கி வைக்க இயலாதாயின், படம் பிடித்து உரியவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். பொருளின் பெயர், அதனைக் கையாண்டவரின் பெயர், தொழில், இடம், காலம் ஆகியவற்றை முதியோரின் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அவசரமும் உண்டு. 1942இன் குண்டுவீச்சைக் கண்ணாற் கண்டவர் இன்று மிகச் சிலரே. 1957இல் தளத்திலிருந்து வெளியேறியவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஒரு முதியவர் கண்மூடும்போது பூட்டப்படும் நூதனசாலைக்கு மறுதிறப்பு இல்லை.

சிம்மாசனம் நூற்றுப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தது. மதகின்கீழ்க் கிடந்த கல் எடுத்து நிறுத்தப்பட்டது. மண்ணுள் மறைந்த திருமேனிகள் வெளிவந்தன. இவையெல்லாம் கைகூடுமாயின், இலக்கமாக்கப்பட்ட மனிதனுக்கு அவனது பெயரைத் திருப்பிக் கொடுப்பதும் கைகூடும். அப்பெயரை ஒரு பதிவேட்டிலே தெளிவான எழுத்தில் எழுதி வைப்பது, துறைமுகத்து மண்ணில் எழுத்தறிவு பெற்ற ஒவ்வொருவரின் கடமை.